அலெக்சாண்டர் என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடநூலில் போரஸ் மன்னனோடு வந்து போகும் ஒரு படையெடுப்பாளனின் பெயராகவே ‘அலெக்சாண்டர்’ நம்மில் பெரும்பாலோருக்கு அறிமுகம். அந்த மன்னன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்த பெயர் அது. அவனுக்குப் பிறகு எத்தனையோ மொழிகளில் உருமாறி இன்றுவரை வழங்கிவருகிறது. அந்தப் பெயரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

இந்தப் பெயருக்கு என்ன பொருள்?

கிரேக்கத்தில் இதன் வடிவம் அலெக்சாந்த்ரோஸ். ‘அலெக்சோ’ என்ற வினைக்குத் தடுத்தல், காத்தல் என்று பொருள். ‘ஆந்த்ரோஸ்’ என்பது ஆண் மகனைக் குறிக்கும் சொல்லின் வேற்றுமை வடிவம். இரண்டும் சேர்ந்து ‘ஆடவரைக் காப்பவன்’ என்ற பொருளைத் தருகின்றன. போர்க்களத்தில் தன்னைச் சார்ந்தவர்மீது ஆயுதம் படாமல் தடுத்து நிற்பவன் என்று விரித்துக்கொள்ளலாம்.

மகா அலெக்சாண்டர்தான் இந்தப் பெயரை முதலில் தாங்கியவரா?

இல்லை. மாசிடோனிய அரச வரிசையிலேயே அவர் மூன்றாம் அலெக்சாண்டர். அந்த வரிசைக்கும் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முன்னதாக, கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைசீனிய (வெண்கலக் காலக் கிரேக்க) களிமண் பலகை ஒன்றில் ‘அ-ரெ-க-ச-த-ர’ என்று அசை அசையாக ஒரு பெயர் எழுதப்பட்டுள்ளது. அந்தப் பலகையில் உள்ளதும் 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியதுமான ‘லீனியர் பி’ எழுத்தில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் தனித்தனிக் குறிகள் கிடையாது. மெய்கள் அடுத்தடுத்து வந்தால் இடையே ஓர் உயிரைச் சேர்த்துத்தான் எழுத முடியும். இந்த விதிகளை வைத்துப் படித்தால் கிடைப்பது ‘அலெக்சாந்த்ரா’, அதாவது ஒரு பெண்ணின் பெயர். ஆடவரைக் காப்பவன் என்ற பெயருக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கச் சான்றுகளில் ஒன்று ஒரு பெண்ணுடையது என்பது எனக்கு எப்போதும் சுவையாகவே தோன்றும்.

ஹிட்டைட் ஆவணங்களில் வரும் ‘அலக்சாந்து’ யார்? அவர்தான் ட்ராய் நகரத்து இளவரசன் பாரிஸா?

இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசின் மன்னன் இரண்டாம் முவத்தல்லி, கி.மு. 1280 அளவில், வடமேற்கு அனத்தோலியாவின் விலுசா என்ற சிற்றரசோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். விலுசாவின் அரசன் பெயர் அலக்சாந்து. இந்தப் பலகையை ஆண்டுக்கு மூன்று முறை அலக்சாந்துவின் முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையின் ஒரு விதி. சிற்றரசனின் மறதியைப் பேரரசன் நம்பவில்லை போலும்.

ட்ராய் நகரத்தின் மற்றொரு பெயரான ‘இலியோஸ்’, பழங்கிரேக்கத்தில் ‘விலியோஸ்’ என்று ஒலித்தது. ஆகவே விலுசாதான் ட்ராய் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். ஹோமரின் காவியத்தில் ட்ராய் இளவரசனுக்கு அலெக்சாந்த்ரோஸ் என்ற பெயரும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவத்தான் செய்யும். ஆனால் உடன்படிக்கையின் அலக்சாந்து ஆட்சியில் இருந்த அரசன். காவியத்தின் அலெக்சாந்த்ரோஸ் ஒருபோதும் அரியணை ஏறாத இளவரசன். பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று ஆகிவிடாது. ட்ராய் அரச குடும்பத்தில் கிரேக்கப் பெயர் ஒன்று வழங்கியது என்ற மங்கலான நினைவு பாடகர் மரபில் தங்கியிருக்கலாம் என்பதுவரை சொல்லலாம். அதற்குமேல் சொல்லச் சான்று இல்லை.

ஹோமரின் காவியத்தில் பாரிஸுக்கு ஏன் இரண்டு பெயர்கள்?

‘இலியட்’ காவியத்தில் அவன் பாரிஸ் என்று அழைக்கப்படுவதைவிட அலெக்சாந்த்ரோஸ் என்று அழைக்கப்படும் இடங்களே பல மடங்கு அதிகம். பாரிஸ் என்பது கிரேக்கச் சொல்லாகத் தெரியவில்லை; அனத்தோலிய மொழி ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது பொதுக் கருத்து. பிற்காலப் புராணத் தொகுப்பு இதற்கு ஒரு கதை சொல்கிறது. தீச்சகுனத்துக்கு அஞ்சி இடா மலையில் விடப்பட்ட குழந்தையை ஒரு கரடி ஐந்து நாள் பாலூட்டிக் காத்தது. பிறகு மேய்ப்பன் ஒருவன் எடுத்து வளர்த்தான். வளர்ந்தபின் அவன் கொள்ளையரை விரட்டி மந்தைகளைக் காத்ததால் ‘காப்பவன்’ என்ற பெயரைப் பெற்றான். பெயர் ஏற்கெனவே இருக்க, அதற்கு ஏற்ற கதையைப் பின்னர் கட்டியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. நம் ஊர்த் தலபுராணங்களைப் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

மந்தையைக் காத்தவனால் நகரத்தைக் காக்க முடியவில்லை. மூன்றாம் காண்டத்தில் மெனலாஸோடு தனிப்போருக்கு இறங்கும் அலெக்சாந்த்ரோஸை, தலைக்கவசத்தைப் பற்றி மெனலாஸ் தரதரவென்று இழுத்துச் செல்கிறான். தாடைக்குக் கீழே தோல்வார் அறுந்து வெறுங்கவசம் மட்டும் மெனலாஸின் கையில் மிஞ்ச, அஃப்ரோடைட்டி தெய்வம் மூடுபனியில் மறைத்து அவனைப் பள்ளியறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ‘காப்பவன்’ காப்பாற்றப்படும் இந்தக் காட்சியில் ஹோமர் பெயரின் பொருளை நினைத்தே எள்ளியிருக்கிறாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிரேக்கம் அறிந்து கேட்டவர்களுக்கு அது உறைத்திருக்கும்.

மாசிடோனியாவில் எத்தனை அலெக்சாண்டர்கள் இருந்தார்கள்?

குழப்பம் வரும் அளவுக்கு இருந்தார்கள். முதலாம் அலெக்சாண்டர் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆண்டவர். அவர் ஒலிம்பிய ஓட்டப்பந்தயத்துக்கு வந்தபோது, இது கிரேக்கருக்கு மட்டுமான போட்டி என்று மற்றவர்கள் தடுத்ததையும், தம் குலம் ஆர்கோஸ் நகரத்தது என்று அவர் மெய்ப்பித்து ஓடியதையும் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இரண்டாமவர் மகா அலெக்சாண்டரின் தந்தையான பிலிப்பின் அண்ணன், விரைவிலேயே கொல்லப்பட்டார். மூன்றாமவர்தான் கி.மு. 356இல் பெல்லாவில் பிறந்து 323இல் பாபிலோனில் இறந்தவர். அவர் மகனான நான்காம் அலெக்சாண்டரைச் சிறுவனாக இருக்கும்போதே கொன்றுவிட்டார்கள்.

இவர்களைத் தவிர, மகா அலெக்சாண்டரின் தாய்மாமனும் ஓர் அலெக்சாண்டர். எபிரஸ் நாட்டு அரசர். இவரைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் செய்தியை இங்கே தராமல் விட மனம் வரவில்லை. பண்டோசியா நகரத்தையும் அக்கெரோன் ஆற்றையும் தவிர்க்குமாறு டொடோனா ஆலயத்தின் அருள்வாக்கு இவரை எச்சரித்தது. இரண்டுமே எபிரஸில் இருந்தவை. எனவே ஊரை விட்டே விலகிவிடலாம் என்று படையோடு இத்தாலிக்குப் போனார். அங்கே கி.மு. 331 அளவில், தோல்வியுற்று ஓர் ஆற்றைக் கடக்கும்போது, அலுத்துப்போன வீரன் ஒருவன் அந்த ஆற்றை ‘அக்கெரோன்’ என்று திட்டியது அவர் காதில் விழுந்தது. தயங்கி நின்றவரை ஈட்டி ஒன்று வந்து சாய்த்தது. அருகில் இருந்த ஊரின் பெயர் பண்டோசியா.

இந்தியாவில் இந்தப் பெயர் எழுத்தில் முதலில் எங்கே வருகிறது?

அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில். கலிங்கப் போருக்காக வருந்தி, அறத்தால் பெறும் வெற்றியே உயர்ந்தது என்று அசோகர் அறிவிக்கும் புகழ்பெற்ற சாசனம் அது. அந்த அற வெற்றி அறுநூறு யோசனைத் தொலைவுவரை எட்டியிருக்கிறது என்று சொல்லி, ஐந்து யவன அரசர்களின் பெயரை அது அடுக்குகிறது: அந்தியோகன், துரமாயன் (தாலமி), அந்திகினி, மக (மாகஸ்), அலிகசுதரன். இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கடிப் பாறையில் கரோஷ்டி எழுத்தில் ‘அலிகசுதரோ’ என்று பொறிக்கப்பட்டிருப்பது அலெக்சாந்த்ரோஸின் பிராகிருத வடிவமே.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த சொற்களை. அலிகசுதரனை அடுத்து, தெற்கே ‘சோட பண்ட’ என்று சோழரும் பாண்டியரும், பிறகு தாமிரபரணியும் (இலங்கை) குறிக்கப்படுகின்றனர். அதாவது ஒரு கிரேக்க அலெக்சாண்டரின் பெயரும் தமிழ் வேந்தர் குடிகளின் பெயர்களும் ஒரே கல்லில், அடுத்தடுத்து நிற்கின்றன.

இந்த அலிகசுதரன் சிந்து நதிக்கு வந்த அலெக்சாண்டர் என்று எண்ணிவிடக் கூடாது. சாசனம் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. படையெடுத்து வந்தவர் இறந்து இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது. சாசனம் குறிப்பது எபிரஸ் நாட்டு இரண்டாம் அலெக்சாண்டரையா, கொரிந்து நகரை ஆண்ட அலெக்சாண்டரையா என்பதில் அறிஞர்கள் இரு பிரிவாக நிற்கின்றனர். எபிரஸ்காரரே பொருந்துகிறார் என்பது என் சாய்வு. அந்தியோகன், தாலமி முதலிய பேரரசர்களின் வரிசையில் கொரிந்துக்காரர் சற்றுச் சிறியவராகத் தெரிகிறார்.

இலங்கையோடு இந்தப் பெயருக்குத் தொடர்பு உண்டா?

ஊர்ப்பெயர் வழியாக உண்டு. இலங்கை மன்னன் துட்டகைமுனு அனுராதபுரத்தில் மகாதூபத்துக்கு அடித்தளம் இட்ட விழாவுக்கு ‘யோன (யவன) நகரமான அலசந்தா’விலிருந்து மகாதம்மரக்கித தேரர் முப்பதாயிரம் பிக்குகளோடு வந்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. எண்ணிக்கை காவிய மிகை. அலசந்தா என்பது அலெக்சாந்திரியா. எகிப்தில் உள்ளதைவிட, காபூலுக்கு வடக்கே இருந்த அலெக்சாந்திரியாவே பொருந்தும் என்று கருதுவோர் பலர். ‘மிலிந்த பன்ஹா’ என்ற பௌத்த நூலில் மன்னன் மிலிந்தனும் தான் அலசந்தாவில் பிறந்ததாகவே சொல்கிறான்.

அலெக்சாண்டர் எப்படி ‘இஸ்கந்தர்’, ‘சிக்கந்தர்’ ஆனார்?

இரண்டு மாற்றங்கள் நடந்தன. முதலாவது, அரபு மொழியில் ‘அல்’ என்பது பெயர்ச்சொல்லின் முன் வரும் சுட்டு. ‘அலெக்சாந்தர்’ என்று கேட்ட காது, முதல் அசையை அந்தச் சுட்டாக எடுத்துக்கொண்டது. பிறகு அதைப் பெயரிலிருந்து பிரித்துவிடுவதில் தடையே இல்லை. இரண்டாவது, ‘க்ஸ்’ என்ற ஒலிக்கூட்டு ‘ஸ்க்’ என்று இடம் மாறியது. எஞ்சியது ‘ஸ்கந்தர்’. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பது அரபு நாவுக்கு ஒத்துவராது. எனவே முன்னால் ஓர் இகரம் சேர்ந்து ‘இஸ்கந்தர்’ ஆயிற்று. ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. அதே சிக்கலை இடையில் உயிரைப் புகுத்தித் தீர்த்த வடிவம்தான் ‘சிக்கந்தர்’.

இந்த வடிவம் துருக்கியர் வழியாக ஐரோப்பாவுக்கே திரும்பிப் போனதும் உண்டு. அல்பேனிய வீரர் கெர்கி கஸ்த்ரியோத்தி ஒட்டோமான் படையில் பெற்ற ‘இஸ்கந்தர் பே’ என்ற பட்டம் ‘ஸ்காந்தர்பெக்’ என்று திரிந்தது. அந்தப் பெயராலேயே 15ஆம் நூற்றாண்டில் அவர் ஒட்டோமான்களை எதிர்த்துப் போராடினார்.

ஸ்கந்தன் என்ற முருகன் பெயரும் இஸ்கந்தர் என்பதும் ஒன்றா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விடை ‘இல்லை’ என்பதே. ஸ்கந்தன் என்பது துள்ளுதல், சிந்துதல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல். அதைவிட வலுவான காரணம் காலக்கணக்கு. சிவன், ஸ்கந்தன், விசாகன் ஆகியோரின் படிமங்களைப் பற்றிப் பதஞ்சலியின் மகாபாஷ்யம் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே பேசுகிறது. அந்தக் காலத்து இந்தியாவில் கிரேக்கப் பெயர் எப்படி ஒலித்தது என்பதற்கு அசோகரின் ‘அலிகசுதர’ சான்றாக நிற்கிறது: அதில் ‘அல்’ கழியவில்லை, ககர சகரம் இடம் மாறவும் இல்லை. ‘ஸ்கந்தர்’ போன்ற வடிவம் அரபு நாவில் உருவானது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பின்னால் வந்த ஒலியிலிருந்து முன்னால் இருந்த தெய்வத்தின் பெயர் பிறக்க வழியில்லை. குஷாண மன்னன் ஹுவிஷ்கனின் நாணயங்களில் ‘ஸ்கந்தோ கொமாரோ’ என்று கிரேக்க எழுத்தில் பொறித்திருப்பதை எதிர்வாதமாகக் காட்டுவோர் உண்டு. அங்கே எழுத்துதான் கிரேக்கம். பெயர் ஸ்கந்த குமாரன்.

தங்கள் பேரரசை அழித்தவனின் பெயரைப் பாரசீகர் ஏன் பிள்ளைகளுக்குச் சூட்டினர்?

முதலில் சூட்டவில்லை. ஜொராஸ்திரிய நூல்கள் அவனைச் சபிக்கப்பட்டவன் என்ற அடைமொழியோடுதான் குறிக்கின்றன. மறைநூலை எரித்தவன் என்ற பழியும் அவன்மேல் இருந்தது. மாற்றத்தை ஏற்படுத்தியவை கதைகள். கி.பி. 3ஆம் நூற்றாண்டு அளவில் கிரேக்கத்தில் உருவான ‘அலெக்சாண்டர் கதை’, அவன் பிலிப்பின் மகனே இல்லை, எகிப்தின் கடைசி மன்னன் நெக்தனெபோவுக்குப் பிறந்தவன் என்று சொல்லி எகிப்தியருக்கு ஆறுதல் அளித்தது. அதே உத்தியை 1010இல் நிறைவுற்ற ஷாநாமாவில் ஃபிர்தௌசியும் கையாண்டார்: அதில் சிக்கந்தர், பாரசீக மன்னன் தாராவின் மாற்றாந்தாய்ச் சகோதரன். தோற்றவர்கள் வென்றவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். அதன்பின் பெயரைச் சூட்ட என்ன தடை?

குர்ஆனில் வரும் துல்கர்னைன், ‘இரு கொம்புடையவர்’, அலெக்சாண்டரே என்று உரையாசிரியர் பலர் கருதினர், மறுத்தவர்களும் உண்டு. அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான லிசிமாக்கஸ் வெளியிட்ட நாணயங்களில் அலெக்சாண்டரின் தலையில் ஆமோன் தெய்வத்தின் ஆட்டுக்கொம்பு சுருண்டிருப்பதைக் காணலாம்.

இந்தப் புகழ்தான் பெயரைக் கிழக்கே கொண்டுவந்தது. அலாவுதீன் கில்ஜி தம் நாணயங்களில் ‘இரண்டாம் சிக்கந்தர்’ என்று பொறித்துக்கொண்டார். தில்லியில் சிக்கந்தர் லோடி 1489 முதல் 1517 வரை ஆண்டார். மதுரை சுல்தான்களில் கடைசியானவரின் பெயரும் அலாவுதீன் சிக்கந்தர் ஷா. மலாக்கா அரசர்கள் தங்கள் வம்சம் இஸ்கந்தர் சுல்கர்னைனிடமிருந்து (துல்கர்னைன் என்பதன் மலாய் வடிவம்) தொடங்குவதாக ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூலில் எழுதுவித்தனர். அந்த வரிசையில் வரும் ராஜா சூரான் என்ற பெயரில் சோழர் கடற்படையெடுப்பின் நினைவைக் காண்போரும் உள்ளனர். ஜொகூரின் இன்றைய இஸ்கந்தர் புத்திரி நகரத்தின் பெயரிலும் தொடர்வது அதே கிரேக்கச் சொல்தான்.

யூதரும் கிறிஸ்தவரும் இதை எப்படி ஏற்றுக்கொண்டனர்?

கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்ட அலெக்சாண்டர் யன்னாய், தம் நாணயத்தின் ஒரு பக்கத்தில் எபிரேயத்தில் ‘யோனத்தான்’ என்றும் மறுபக்கத்தில் கிரேக்கத்தில் ‘அரசர் அலெக்சாண்டர்’ என்றும் பொறித்தார். யூத வழக்கில் இந்தப் பெயர் புகுந்ததற்கு இடைக்காலத்தில் ஓர் அழகான கதை எழுந்தது. எருசலேம் ஆலயத்தில் தனக்குச் சிலை வைக்கக் கேட்ட மன்னனிடம் தலைமைக் குரு, சிலை எங்கள் மறைக்கு ஆகாது, அதற்குப் பதிலாக இந்த ஆண்டு குருமார் வீடுகளில் பிறக்கும் ஆண் குழந்தைகள் அனைவருக்கும் உம் பெயரைச் சூட்டுகிறோம் என்றாராம்.

புதிய ஏற்பாட்டில் இப்பெயருடையோர் பலர். சிலுவை சுமந்த சிரேனே ஊர்ச் சீமோனின் மகன் ஒருவன். பவுலுக்குத் தீமை செய்தவன் இன்னொருவன். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவனைக் ‘கன்னானாகிய அலெக்சந்தர்’ என்கிறது.

மோசடிக்காரர் யாரும் இந்தப் பெயரில் இல்லையா?

இருந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கருங்கடல் கரையின் அபோனோதெய்க்கோஸ் ஊரில் ஓர் அலெக்சாண்டர், கிளைக்கோன் என்ற பாம்புத் தெய்வத்தின் அருள்வாக்கைக் காசுக்கு விற்றார். உண்மையான பெரிய பாம்பின் உடலைத் தோளில் சுற்றிக்கொண்டு, துணியால் செய்து வண்ணம் தீட்டிய மனிதச் சாயல் தலையை முன்னால் நீட்டி, அதன் வாயைக் குதிரைமயிரால் இழுத்துத் திறந்து மூடியதை லூசியன் விவரிக்கிறார். பிலிப்பின் மகன் வீரத்தில் எவ்வளவு பெரியவனோ இவன் கயமையில் அவ்வளவு பெரியவன் என்பது அவர் தரும் ஒப்பீடு.

ஐரோப்பிய அரசர்கள் எல்லோரும் மகா அலெக்சாண்டரை நினைத்துத்தான் இந்தப் பெயரை வைத்தார்களா?

பெரும்பாலும் இல்லை. ஒருவர் புகழ்பெற்றதும் அவரே அடுத்தவருக்கு மூலமாகிவிடுகிறார். ரோமானியப் பேரரசர் அலெக்சாண்டர் செவெரஸுக்கு 221இல் தத்தெடுக்கப்பட்டபோது சூட்டிய பெயர் மாசிடோனியரை நினைத்ததே. ஸ்காட்லாந்தில் 1107க்கும் 1286க்கும் இடையில் மூன்று அரசர்கள் இப்பெயரில் ஆண்டனர். அங்கே வழங்கும் அலஸ்டேர், சாண்டி ஆகியவற்றுக்கு அவர்களே காரணம். ரஷ்யாவிலோ மூலம் 1240இல் நேவா ஆற்றங்கரையில் ஸ்வீடியரை வென்ற அலெக்சாண்டர் நெவ்ஸ்கி. இரண்டாம் காத்தரீன் 1777இல் பிறந்த பேரனுக்கு அந்தப் புனிதரின் பெயரையே சூட்டினார். அவனே பின்னாளில் நெப்போலியனை எதிர்கொண்ட ஜார். இத்தாலியின் அலெசாந்திரியா நகரம் 1168இல் போப் மூன்றாம் அலெக்சாண்டரின் பெயரால் எழுந்தது; அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அலெக்சாந்திரியா அங்கு நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெயரால் எழுந்தது. ஆக, ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து நிறுவனரை ஊகிப்பது ஆபத்து.

‘அலெக்சாந்திரைன்’ என்ற யாப்புக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

12ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அலெக்சாண்டர் காவியம் பன்னிரண்டு அசை கொண்ட அடியில் பாடப்பட்டதால், அந்த அடிக்கே நாயகனின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், 1711இல் வெளியிட்ட திறனாய்வுக் கவிதையில், தேவையற்ற அலெக்சாந்திரைன் அடி காயம்பட்ட பாம்பைப் போலத் தன் நீளத்தை இழுத்துக்கொண்டு ஊர்கிறது என்று எள்ளுகிறார். எள்ளும் அந்த அடியையே பன்னிரண்டு அசையில் அமைத்திருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் அவரே இலியட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

தமிழில் எப்படி எழுதுவது சரி?

ஒரே சரியான வடிவம் என்று எதுவும் இல்லை. ஆங்கில ஒலிப்பைத் தழுவிய ‘அலெக்சாண்டர்’ இன்று நிலைபெற்றுவிட்டது. பொது எழுத்துக்கு அதுவே போதும். கிரேக்க இலக்கியம் பற்றி எழுதும்போது, பாரிஸையும் மாசிடோனியரையும் வாசகர் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முன்னவனுக்கு ‘அலெக்சாந்த்ரோஸ்’ என்ற வடிவத்தை ஒதுக்குவது நல்லது. பாரசீக, மலாய் நூல்களைப் பற்றிப் பேசும்போது இஸ்கந்தரை இஸ்கந்தராகவே விட்டுவிடலாம். அசோகர் கல்வெட்டைக் குறிப்பவர்கள் மட்டும் ‘அலிகசுதரன்’ என்ற பழைய வடிவத்தைத் திருத்தாமல் எழுத வேண்டும். திருத்திவிட்டால், சோழ பாண்டியருக்கு முன்னால் அந்தப் பெயர் எப்படி ஒலித்தது என்பது வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.